இளவயதில் நடுக்குவாதம்: செல்லுக்குள் பழுதானவை அகற்றப்படாதபோது என்ன நடக்கிறது?

நடுக்குவாதம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் முதியவர்கள்தான். கை நடுங்கும், நடை சுருங்கும், முகத்தில் உணர்ச்சி குறையும், சட்டைக்குப் பொத்தான் போடவே வெகுநேரம் ஆகும். மருத்துவர்கள் இதைப் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் உதறுவாதம் என்பார்கள். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு 60 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் இது தொடங்குகிறது.

ஆனால் 20, 30 வயதிலேயே இந்நோய் வருபவர்களும் உண்டு. காலையில் எழும்போது நன்றாக இருப்பார். பகல் ஏற ஏற ஒரு பாதம் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும், நடை தடுமாறும். சற்றுத் தூங்கி எழுந்தால் மறுபடியும் தேவலை. இப்படி ஏறி இறங்குவதால் 'இவர் நடிக்கிறார்' என்று வீட்டிலேயே பேச்சு வரும். 'கண் பட்டுவிட்டது', 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று தாயத்துக்கும் தகட்டுக்கும் அலைவதில் ஆண்டுகள் கழிவதும் நம் சமூகத்தில் புதிதல்ல.

இத்தகைய இளம் நோயாளிகள் இருந்த குடும்பங்களே, மனித உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கும் ஒரு முக்கியமான வேலையை அறிவியலுக்குக் காட்டிக்கொடுத்தன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக் கண்டுபிடித்து அகற்றும் வேலை அது.

1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இளவயது நடுக்குவாதம் உள்ள குடும்பங்களை ஆராய்ந்து ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 'பார்க்கின்' என்று பெயரிட்டார்கள். 2004-இல் இத்தாலியையும் ஸ்பெயினையும் சேர்ந்த, உறவுக்குள் திருமணம் நடந்த சில குடும்பங்களிலிருந்து 'பிங்க்1' என்ற இன்னொரு மரபணு தெரியவந்தது. இரண்டில் எது பழுதானாலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான நோய்தான் வருகிறது. ஆனால் இந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

விடை ஈக்களிடமிருந்து வந்தது. அழுகிய பழத்தை மொய்க்குமே, அந்தச் சிறிய பழ ஈக்கள்தான். 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஈக்களில் பிங்க்1 மரபணுவை நீக்கிப் பார்த்தன. ஈக்களின் பறக்கும் தசைகள் சிதைந்தன, அவற்றுக்குள் இருந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கிக் குலைந்து கிடந்தன. பார்க்கின் இல்லாத ஈக்களிலும் இதே நிலைதான். பிங்க்1 இல்லாத ஈக்களுக்குக் கூடுதலாகப் பார்க்கினைக் கொடுத்தால் அவை தேறின. ஆனால் பார்க்கின் இல்லாத ஈக்களுக்கு எவ்வளவு பிங்க்1 கொடுத்தாலும் பயன் இல்லை. ஆக, இரண்டும் ஒரே வேலையில் இருப்பவை. பிங்க்1 முன்னால் நின்று ஆணையிடுகிறது, பார்க்கின் பின்னால் நின்று நிறைவேற்றுகிறது. வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா.

அடுப்பும் அதன் புகையும்

மைட்டோகாண்ட்ரியாவை 'செல்லின் ஆற்றல் மையம்' என்று பள்ளியில் படித்திருப்போம். இலங்கைப் பாடநூல்களில் இழைமணி என்பார்கள். நாம் உண்ணும் உணவையும் சுவாசிக்கும் ஆக்சிஜனையும் கொண்டு, செல் செலவழிக்கக்கூடிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை இது தயாரிக்கிறது. இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். இதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உள்சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே எப்போதும் ஒரு மின்னழுத்தம் நிற்கும். சுமார் 0.15 வோல்ட், அதாவது டார்ச் பேட்டரியின் பத்தில் ஒரு பங்கு. இந்த மின்னழுத்தத்தைக் கொண்டுதான் ஏடிபி தயாராகிறது. அது இறங்கிவிட்டால் அந்த மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யவில்லை என்று பொருள்.

அடுப்பு எரிந்தால் புகையும் வரும். ஆற்றல் தயாரிக்கும்போது ஒரு சிறு பகுதி ஆக்சிஜன், எதையும் அரிக்கக்கூடிய மூலக்கூறுகளாகக் கசிகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 37 மரபணுக்கள் கொண்ட ஒரு சிறிய டிஎன்ஏ உண்டு. அது இந்தக் கசிவுக்கு மிக அருகில் இருக்கிறது. சவ்வும் புரதங்களும் அதே போலப் பாதிக்கப்படுகின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைக் குறைவாகவும் கசிவை அதிகமாகவும் தருகிறது, பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கிறது. அது வெடித்துத் தன் உள்ளடக்கத்தைச் செல்லுக்குள் கொட்டினால் செல்லே இறந்துபோகலாம்.

தோல் செல்லோ குடல் செல்லோ சில நாட்களிலோ வாரங்களிலோ உதிர்ந்து, புதிய செல் அந்த இடத்துக்கு வந்துவிடும். மூளையின் நரம்புச் செல்களுக்கு அந்த வசதி இல்லை. பிறந்தபோது இருந்த செல்லே 70, 80 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். அவற்றிலும் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்களின் பாடு பெரும்பாடு. ஒவ்வொரு செல்லும் மெல்லிய இழைகளாகக் கிளைத்து லட்சக்கணக்கான இடங்களில் இணைப்பு வைத்திருக்கிறது. அத்தனை இடத்துக்கும் ஆற்றல் போய்ச்சேர வேண்டும். நடுக்குவாதத்தில் அழிவது இந்தச் செல்கள்தாம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஒரு கசப்பான சான்று 1982-இலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், திருட்டுத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய நடுக்குவாத நோயாளிகளைப் போல உடல் உறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் காரணத்தைத் தேடினார். தயாரிப்பில் நேர்ந்த பிழையால் அந்தப் போதைமருந்தில் எம்பிடிபி என்ற பொருள் கலந்திருந்தது. அது மூளைக்குள் போய் வேறொரு நஞ்சாக மாறி, டோபமைன் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிப்பின் முதல் படியையே அடைத்துவிடுகிறது.

வாசலில் சேரும் பால் பாக்கெட்

ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் எது பழுது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க ஆள் இல்லை. நாம் படித்தவரை, உயிரியலில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு அரிது.

ஒரு தெருவில் தினமும் எல்லா வீட்டு வாசலிலும் பால் பாக்கெட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் இருக்கும் வீட்டில் போட்ட சிறிது நேரத்தில் அது உள்ளே போய்விடும். ஒரு வீட்டு வாசலில் மட்டும் இரண்டு மூன்று நாள் பாக்கெட்டுகள் அப்படியே கிடந்தால், கதவைத் திறந்து பார்க்காமலேயே உள்ளே ஏதோ சரியில்லை என்று அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

பிங்க்1 புரதம் அந்தப் பால் பாக்கெட்டைப் போன்றது. செல் இதை ஓயாமல் தயாரித்து ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியா தன் மின்னழுத்தத்தின் பலத்தால் பிங்க்1-ஐ உள்ளே இழுக்கிறது. அங்கே ஒரு நொதி அதை வெட்டுகிறது, வெட்டுப்பட்டது விரைவில் அழிக்கப்படுகிறது. எனவே ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் பிங்க்1 தங்குவதே இல்லை. மின்னழுத்தம் இறங்கினால் உள்ளே இழுக்கப் பலம் இருக்காது. பிங்க்1 வெளிச்சவ்விலேயே நின்றுவிடும். ஒன்று, இரண்டு, பத்து என்று குவியும். அந்தக் குவியலே பழுதுக்கான அடையாளம்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் யூல் தலைமையிலான குழு இதைப் படிப்படியாக வெளிக்கொண்டுவந்தது. செல்லுக்குள் ஆங்காங்கே பரவிக் கிடக்கும் பார்க்கின், மின்னழுத்தம் இழந்த மைட்டோகாண்ட்ரியாக்களை மட்டும் தேடிப் போய் மொய்க்கிறது என்று 2008-இல் அவர்கள் காட்டினார்கள். 2010-இல், பார்க்கினை அங்கே அழைப்பது வாசலில் குவிந்த பிங்க்1 என்பது தெரிந்தது. அறிவியல் உலகின் பெரிய பரிசுகளில் ஒன்றான பிரேக்த்ரூ பரிசு யூலுக்கு 2021-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.

பார்க்கின் வந்ததும் என்ன செய்கிறது? யுபிக்விட்டின் என்ற மிகச் சிறிய புரதத்தை எடுத்துப் பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பெங்கும் ஒட்டுகிறது. இடிக்கப்போகும் கட்டடத்தில் நகராட்சி ஊழியர்கள் சிவப்புச் சாயத்தில் குறி போடுவதைப் போல என்று சொல்லலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு, அது 2014-இல்தான் தெரிந்தது. பிங்க்1 முதலில் ஓரிரு யுபிக்விட்டின்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய யுபிக்விட்டினைக் கண்டதும் பார்க்கின் விழித்தெழுகிறது. அது மேலும் யுபிக்விட்டினை ஒட்டுகிறது. அவற்றின்மீதும் பிங்க்1 பாஸ்பேட் ஏற்றுகிறது, அதைப் பார்த்து இன்னும் பல பார்க்கின்கள் வருகின்றன. சிறிதாகத் தொடங்கும் குறி, கொஞ்ச நேரத்தில் முழு மைட்டோகாண்ட்ரியாவையும் மூடிவிடுகிறது.

மைட்டோகாண்ட்ரியாக்கள் தனித்தனி உருண்டைகளாகச் சும்மா இருப்பவை அல்ல. ஒன்றோடொன்று இணையும், பிரியும், செல்லுக்குள் இடம் மாறும். பழுதான ஒன்று நல்லதோடு இணைந்துவிட்டால் பழுதும் பரவும். எனவே குறி விழுந்த உடனேயே, இணைவதற்கு உதவும் புரதத்தையும், நகர்வதற்கு உதவும் புரதத்தையும் அழித்துவிட ஏற்பாடாகிறது. தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்துவது போலத்தான். அதன் பிறகு, யுபிக்விட்டினை ஒரு கையாலும், உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு சவ்வுப் பையை மறு கையாலும் பிடிக்கும் இடைத்தரகர் புரதங்கள் வருகின்றன. அவற்றுள் ஆப்டினியூரின், என்டிபி52 ஆகிய இரண்டும் முக்கியமானவை என்று 2015-இல் தெரியவந்தது. சவ்வுப் பை மைட்டோகாண்ட்ரியாவை முழுதாகச் சுற்றி மூடிக்கொள்கிறது. பிறகு அந்தப் பை லைசோசோம் என்னும் அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த உறுப்போடு சேர்கிறது. உள்ளே இருப்பவை சிதைக்கப்பட்டு, அமினோ அமிலங்களாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் செல்லுக்கே திரும்புகின்றன. எதுவும் வீணாவதில்லை.

இந்த வேலைக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயர் மைட்டோஃபேஜி. மைட்டோகாண்ட்ரியாவை உண்ணுதல் என்று பொருள்.

கதை இத்தோடு முடிந்துவிடவில்லை. பிங்க்1 இல்லாத எலிகளில் அன்றாடத் துப்புரவு பெருமளவு வழக்கம்போலவே நடக்கிறது. அந்த எலிகளுக்கு மனிதர்களைப் போல நடுக்குவாதமும் வருவதில்லை. செல்லுக்கு வேறு வழிகளும் உண்டு என்பதுதான் காரணம். சிவப்பணுக்களை எடுத்துக்கொள்வோம். அவை முதிரும்போது, பழுதோ இல்லையோ, தம்மிடம் உள்ள அத்தனை மைட்டோகாண்ட்ரியாவையும் அகற்றிவிடுகின்றன. அதற்கு நிக்ஸ் என்ற வேறொரு புரதமே அடையாளமாகிறது. பிங்க்1, பார்க்கின் ஏற்பாடு கடும் பழுது நேரும்போது இயங்கும் அவசரப் படை என்று பலர் கருதுகிறார்கள்.

நோன்புக்கு நோபல் பரிசா?

ரமளான் நெருங்கினால் நம் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும்: 'நோன்பு வைத்தால் செல்கள் தம் குப்பைகளைத் தாமே தின்றுவிடும் என்று கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல் பரிசு!' கூடவே ஒரு படமும் இருக்கும். இதில் பாதி உண்மை. யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. செல் தன் உறுப்புகளைத் தானே சிதைத்துக்கொள்ளும் ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்கே அது தரப்பட்டது. ஆனால் அவர் ஆராய்ந்தது மனிதரையும் அல்ல, நோன்பையும் அல்ல. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டை, சத்தில்லாத கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அந்த வேலைக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

பட்டினியில் ஆட்டோஃபேஜி கூடுகிறது என்பது ஈஸ்டிலும் ஆய்வக விலங்குகளிலும் நன்கு நிறுவப்பட்டது. ஆனால் அது பொதுவான சிதைப்பு. கைக்குக் கிடைத்ததை உருக்கி உணவாக்குவது. நாம் மேலே பார்த்தது பழுதானதை மட்டும் தேர்ந்தெடுத்து அகற்றுவது. இரண்டும் ஒன்றல்ல. 2011-இல் வந்த ஆய்வுகள், பட்டினி கிடக்கும் செல்லில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட வலையாகி, சவ்வுப் பைக்குள் அகப்படாமல் தப்பிக்கின்றன என்று காட்டின. உணவு இல்லாத நேரத்தில் அடுப்பையும் உடைத்து எரித்துவிட்டால் எப்படி? செல்லுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. சஹருக்கும் இஃப்தாருக்கும் இடையிலான நேரத்தில் மனித மூளையின் பழுதான மைட்டோகாண்ட்ரியா அகற்றப்படுகிறது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

நோன்பு வணக்கம் என்பதால் நோற்கிறோம். அதற்கு ஸ்டாக்ஹோமிலிருந்து சான்றிதழ் தேவையில்லை. அந்தச் செய்தியை நம்பி, 'நோன்பு வைத்தால் நடுக்குவாதம் குணமாகும்' என்று ஒரு நோயாளி மாத்திரையை விட்டுவிடுவதுதான் நமது கவலை. லெவோடோபா மாத்திரையைப் பகலில் பலமுறை எடுத்துக்கொள்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை நாம் அறியாதது அல்ல. ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி, மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா, நோன்பே கூடாதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். களா, ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் கேட்கலாம்.

'மைட்டோகாண்ட்ரியாவைச் சுத்தம் செய்யும்' என்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாதுளையில் உள்ள சில பொருட்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் ஏ என்ற பொருளாக மாற்றுகின்றன. அது மைட்டோஃபேஜியைத் தூண்டிப் புழுக்களின் ஆயுளைக் கூட்டியது என்று 2016-இல் ஒரு ஆய்வு வந்தது. எல்லோருடைய குடலிலும் அந்த பாக்டீரியாக்கள் இருப்பதில்லை. மனிதரின் நடுக்குவாதத்தை அது தடுக்கும் என்று நிரூபணமும் இல்லை. மாதுளை நல்ல பழம், வாங்கிச் சாப்பிடலாம்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால்

பெரும்பாலான நடுக்குவாதம் பெற்றோரிடமிருந்து வருவதல்ல. தாத்தாவுக்கு 75 வயதில் வந்தது என்றால் பேரப்பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை. 40 வயதுக்கு முன் தொடங்கும் நோயில்தான் மரபணுக் காரணத்தைத் தேட வேண்டும். அப்படித் தொடங்குபவற்றில் பார்க்கின் பழுது முக்கியமான ஒரு காரணம்.

பிங்க்1, பார்க்கின் இரண்டிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உள்ளன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அவருக்கு இந்த வகை நோய் வராது, தம்மிடம் பழுது இருப்பதும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதிகளும் பழுதாக அமைய 4-இல் 1 வாய்ப்பு. ஒருவரிடம் அரிதான ஒரு பழுது இருந்தால், அவருடைய மாமா மகளிடமோ மாமி மகனிடமோ அதே பழுது இருக்க 8-இல் 1 வாய்ப்பு உண்டு. அந்நியக் குடும்பத்தில் இது மிக மிகக் குறைவு. இந்த மரபணுக்கள் உறவுத் திருமணக் குடும்பங்களில் கண்டறியப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உறவில் மணமுடிப்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. சொத்து பிரியாமல் இருக்கவும், பெண்பிள்ளை கண் எதிரிலேயே இருக்கவும் நம் ஊர்களில் அது தலைமுறைகளாகத் தொடர்கிறது. அதைக் கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. குடும்பத்தில் இளவயது நடுக்குவாதம் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்து, அதே குடும்பத்துக்குள் அடுத்த சம்பந்தம் பேசப்படுகிறது என்றால், நிச்சயதார்த்தத்துக்கு முன் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. முதலில் நோயாளிக்குப் பரிசோதனை செய்து எந்த மரபணுவில் என்ன பழுது என்று தெரிந்துகொண்டால், மற்றவர்களுக்குப் பார்ப்பது எளிது. நோயை மறைத்துச் சம்பந்தம் பேசுவது இரண்டு குடும்பத்துக்கும் தீங்கு.

நோயாளிக்கும் நம்பிக்கை தரும் செய்தி உண்டு. பார்க்கின் பழுதால் வரும் நோய் பொதுவாக மெதுவாகவே முற்றுகிறது. குறைந்த அளவு லெவோடோபாவுக்கே உடல் நன்றாக இணங்கும். ஆனால் இளவயதினருக்கு அந்த மருந்தால் கை கால்கள் கட்டுப்பாடின்றி நெளியும் பக்கவிளைவு சீக்கிரம் வரக்கூடும் என்பதால், அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வை தொடர்ந்து வேண்டும்.

இன்றைய மருந்துகள் குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டுகின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் வேலையைச் சீர்செய்யும் மருந்து இன்னும் வரவில்லை. அதற்கான தேடல் இரண்டு வழிகளில் நடக்கிறது. பார்க்கின் ஒட்டும் குறிகளை அழித்துக்கொண்டே இருக்கும் யுஎஸ்பி30 என்ற நொதியை அடக்குவது ஒன்று. பிங்க்1-ஐயோ பார்க்கினையோ நேரடியாகத் தூண்டுவது மற்றொன்று. 2025-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மனித பிங்க்1 பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பதன் முப்பரிமாண வடிவத்தை முதன்முறையாக வெளியிட்டார்கள். மரபணு தெரிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அதன் வடிவம் தெரிந்திருக்கிறது. வடிவம் தெரிந்தால்தான் அதில் பொருந்தும் மருந்து மூலக்கூறைச் செதுக்க முடியும்.